பகல் வண்டிக்கு வந்தவர்

திண்டிவனத்தில் ஐந்தாவது முடித்த என்னை, விழுப்புரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். என் ராசி, வாய்த்த வீடு அப்படி. தினமும் பகல் வண்டி நேரத்துக்கு மாமா ஸ்டேஷனுக்குப் போவார். திரும்பும்போது குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல், பக்கத்தில் ஆளில்லாத இடத்துக்குப் பிடித்தபடி பேசிக்கொண்டே வருவார். உச்சிவெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். எனக்கு உடம்பு சில்லிட்டுப்போகும்.

ரங்கூனுக்குப் பிழைக்கப் போயிருந்த மாமாவின் மகன், அங்கே குண்டு விழுந்ததும் கால்நடையாகக் கிளம்பியவர், வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். கூட நடந்தவரே வந்து சொல்லிவிட்டார். அத்தை அழுது தீர்த்து, பங்காளி ஒருவரை வைத்துக் கருமாதியும் முடித்தாள். மாமா மட்டும் நம்பவில்லை. வழியனுப்பியவரேதான் எதிரே போய் அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். மகனை ரயிலேற்றியவர் மாமா.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எண்டெவர் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு முயற்சி என்று அர்த்தம் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் சத்தமாக உருப்போட்டேன். இளவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் பட்லராக இருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"அது எங்க தொரை பேச்சுலேர்ந்து போன வார்த்த பாப்பா. தெவ்வார்னு சொல்லுவாங்க, கடமைன்னு அர்த்தம். ஒண்ண என் கடமைன்னு தலைமேல ஏத்துக்கினா அதான் எண்டெவர். முயற்சின்னா, ஆவலன்னா வுட்டுடலாம். இத வுட முடியாது."

"இருக்கற பேஜாரு போதாதுன்னு இங்கிலீஷ் வேறயா!" என்று அத்தை அடுக்களையிலிருந்து கத்தினாள்.

அந்த வருஷமே மாமா படுக்கையில் விழுந்தார். ஒருநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. வண்டி நேரம் நெருங்க நெருங்கக் கட்டிலில் புரண்டவர், "ஜல்தி போய் நீ இட்டுக்கினு வா" என்று என்னிடம் கெஞ்சினார். நான் அழுதேன். அத்தைதான் என்னை வெளியே தள்ளினாள்.

வண்டி வந்தது, போனது. எங்கள் வீட்டு ஆள் யாரும் இறங்கவில்லை. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். பின்னால் யாரோ வருவதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

வாசலில் நின்று, "யாரும் வரல மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். "ஏன்டா வெயில்ல நின்னுக்கினு? உள்ள வா."

அத்தை செம்பில் தண்ணீரோடு வந்தாள். கத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், வெறும் படியில், கால் கழுவக் கொடுப்பதுபோலத் தண்ணீரை ஊற்றினாள். "வா ராசா. அப்பா காத்துக்கினு இருக்காரு." குரல் நடுங்கவே இல்லை. மாமா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் மூச்சு அடங்கியது.

காரியம் முடிந்ததும் அம்மாவோடு திண்டிவனம் வந்துவிட்டேன். அத்தை ஆளனுப்பிக் கூப்பிட்டும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. செத்துப்போன மகன் அவள் கண்ணுக்கும் தெரிகிறார் என்று அவ்வளவு பயம். கண்ணுக்கு எதுவும் தெரியாமலேதான் வாசற்படியில் அவள் மகனை அப்படி அழைத்தாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.