கோமதி அக்கா ஓட்டிய ரம்பம்

செய்தி கோவில்பட்டியில் என் லேத் பட்டறைக்குத்தான் வந்தது. போனில் கோமதி அக்காவின் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணாச்சி. “தம்பி, ஒங்க அக்கா போயிட்டா. காலைல ரம்பம் ஓட்டிக்கிட்டு இருந்தவ, நெஞ்சு வலிக்குன்னு வந்து உக்காந்தா. அவ்வளவுதான்.” நான் கேட்ட முதல் கேள்வி, “ரம்பத்த நிறுத்திட்டாவளா?” என்பது. வேறு யாராயிருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். அண்ணாச்சி அழுகைக்கு நடுவே, “நிறுத்திட்டுத்தாம்ப்பா வந்தா” என்றார். கோமதி அக்காவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியும் பதிலும் விசித்திரமாகத் தோன்றாது.

அவர் எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. இடைசெவல் பக்கம் பருத்தியும் உளுந்தும் விதைத்து வந்தவர். பம்புசெட் வேலைக்காகப் பட்டறைக்கு வந்து பழக்கம். சென்ற ஆண்டு ஆடிக் காற்றில் அவர் வரப்பிலிருந்த மூன்று வேம்புகள் சாய்ந்தன. கட்டி முடியாத அவர் வீட்டு வாசல்களில் அப்போது கதவுக்குப் பதில் தார்ப்பாய்தான் தொங்கியது. வேலிக்கம்பி அடித்த மரத்தில் ஆணி இருக்கும், பிளேடு போய்விடும் என்று அறுவை மில்களில் கைவிரித்துவிட்டார்கள். கரிமூட்டம் போடுகிறவருக்கே கொடுத்துவிடலாம் என்றார் அண்ணாச்சி. “கதவாகப் போற மரத்தக் கரியாக்க எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டுவிட்டு அக்கா பஸ் ஏறிவிட்டார்.

பட்டறைக்கு வந்தவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ ஒருவர் இரண்டு கார் சக்கரங்களின் மேல் பட்டை ரம்பத்தை வளையமாக ஓடவிட்டு, பெரிய தடியைப் பலகை பலகையாக உரித்துக்கொண்டிருந்தார். “இதுல நமக்குத் தெரியாத சாமான் எது? சொல்லுங்க தம்பி.” யோசித்துப் பார்த்தேன். சக்கரம் தெரியும். தண்டவாளம் மாதிரி கிடந்த இரும்பு ஆங்கிள் தெரியும். ரம்பத்தை ஏற்றி இறக்குவது சைக்கிள் செயின். அவர்கள் மோட்டார் ரூமில் சாக்கு மூடிக் கிடந்த டீசல் என்ஜினை நானே எத்தனையோ முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். நாமே செய்துவிடலாம் என்ற படபடப்பில் அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. பிளேடு மட்டும் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. மற்றதெல்லாம் பழைய இரும்புக்கடைகளில் பொறுக்கியவை. ஒரு சக்கரம் கிடைத்துவிட்டது. அதே அளவில் ஜோடிதான் அகப்படவில்லை. புதூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அக்கா, ஆட்டுக்கிடைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டியில் அதைப் பார்த்துவிட்டார். பட்டுச்சேலையோடு வண்டியை மறித்து, “அண்ணாச்சி, இந்தச் சக்கரத்த எனக்குத் தாங்க, ஒங்க வண்டிக்கு நல்லதா ரெண்டு மாட்டித் தாரேன்” என்று கேட்டாராம். ஆட்டுக்காரர், “தண்ணிய எறக்கிட்டாவது தரலாமா?” என்றாராம். கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சக்கரத்தோடு வந்து இறங்கியவரின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

கரிசலில் பிறந்தவர்கள் செய்யக்கூடாத காரியத்தை நாங்கள் இருவரும் சேர்ந்தே செய்தோம். புரட்டாசி வெயிலில் நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. அதை நம்பி, மேலாகத் தோண்டி சிமெண்ட் கட்டைகள் வைத்து ஆங்கிளைப் பூட்டிவிட்டோம். ஐப்பசியின் முதல் மழையிலேயே மண் உப்பிக் கட்டைகளை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிவிட்டது. முதல் பலகை ஒரு முனையில் விரல் கனம், மறுமுனையில் கை கனம். “கதவா, கலப்பையா?” என்று கேட்டார் அண்ணாச்சி. தடிகளோ நனைகின்றன, கரிக்காரர் மறுபடியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அக்கா ஈர மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மண்ணு அசையத்தான் செய்யும். நாமளும் அசையுத மாதிரி செஞ்சிருவோம் தம்பி.”

பழைய டிராக்டர் டிரெய்லர்களில் இருக்கும், திருகினால் ஏறி இறங்கும் கால்களைத் தேடிப் பிடித்து ஆங்கிளுக்கு அடியில் பொருத்தினேன். தினமும் காலையில் தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்த்து, ஏறிய காலை இறக்கி, இறங்கிய காலை ஏற்றிய பிறகே என்ஜின். அக்கா ஒலிபெருக்கிக் காந்தத்தை மரத்தின் மேல் தடவி ஆணிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குவார். அப்படி அறுத்த முதல் பலகை விழுந்ததும், வேப்பமர வாசனையில் நாங்கள் இருவரும் அதன் இரு முனைகளையும் விரலால் அளந்து பார்த்தோம். பங்குனியில் தலைவாசலுக்குக் கதவு ஏறியது. ஆணி மிகுந்த கடைசித் தடியை மட்டும் அடுக்களைக் கதவுக்கென்று மூடி வைத்திருந்தார்.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் போனேன். அந்தத் தடியின் நடுவே ரம்பம் அப்படியே நின்றிருந்தது. பின்னால் இழுத்து எடுத்துவிடட்டுமா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் தடியின் மேல் கிடந்த மரத்தூளைக் கையால் தள்ளினார். “இழுத்தா அவ வேல பாதியில நின்னுரும். அறுங்க தம்பி.” மட்டம் பார்த்தேன். பிளேடு சூடேறாமல் இருக்கச் சொட்டும் கேனில் அண்ணாச்சியே தண்ணீர் நிரப்பினார்.

பலகை நேராக வந்தது. அக்கா நிறுத்திய இடத்தில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. அதை இழைக்க வேண்டாம் என்று தச்சரிடம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். அந்தக் கதவு அண்ணாச்சிக்கு. அக்காவிடமிருந்து என்னோடு இருப்பது, என்ஜினைச் சுற்றுவதற்கு முன் நெஞ்சில் எழும் அந்தப் படபடப்பு. அன்று அழுதுகொண்டேதான் சுற்றினேன். ஆனாலும் அது வந்தது.