ஃபிரிட்ஜ் கொடுத்த சுருதி

பாட்டுக்காரியின் மூன்றாவது ஆல்பத்தை உலகமே காத்துக்கிடந்து கேட்டது. உலகம் என்று சொன்னது கொஞ்சம் தாராளம்தான். வெளியீட்டுக் கூடத்தில் நாற்பது நாற்காலி இருந்தன, அதிலும் பதினொன்று மடித்த மேனிக்குச் சுவரில் சாய்ந்திருந்தன.

அவளுக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கு ஃபிரேம் பொருத்துவாள். கூட்டமில்லாத நேரத்தில் லென்ஸ் உறையின் முதுகில் பாட்டு எழுதுவாள். சனி ஞாயிறுகளில் கிதாரைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். ஒருமுறை கட்டில் கடைத் திறப்பு விழாவில் பாடினாள். வந்தவர்கள் படுத்துக்கொண்டே கேட்டார்கள்.

ஆல்பத்தின் பதிவு எல்லாம் வீட்டில், துணி அலமாரிக்குள். துணிகளுக்கு நடுவே எதிரொலி அண்டாது. ஆனால் சமையலறை ஃபிரிட்ஜின் ரீங்காரம் சுவரைத் துளைத்துக்கொண்டு மைக்கில் ஏறிவிடும். அணைத்து வைக்க அம்மா விடவில்லை.

"பால் கெட்டுப்போச்சுன்னா உன் பாட்டை ஊத்தியா காபி போடுறது?"

வேறு வழியில்லாமல், ஃபிரிட்ஜ் எந்தச் சுருதியில் முனகியதோ அதற்கே கிதாரையும் கூட்டிக்கொண்டாள். மோட்டார் ஓய்ந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து வைப்பாள், மறுபடி ஓடும். ஒன்பது பாட்டும் இப்படித்தான் பதிவாயின. 'பெயர் தெரியாத வாத்தியம் ஒன்று விடாமல் ஒலிக்கிறது' என்று ஒரு விமரிசகர் மெச்சி எழுதினார். அவள் திருத்தப் போகவில்லை.

வெளியீடு, நூலகத்தின் பின்கூடத்தில். பன்னிரண்டு வருஷமாக ஒரு நிகழ்ச்சிக்கும் வராத அம்மா அன்றைக்கு வந்தாள். கடைசிப் பாட்டு தன்னைப் பற்றியது என்று காதில் விழுந்திருந்தது. வாசலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொய் ஏதாவது பாடினே, பாதியில எழுந்து போயிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதே."

போகக்கூடியவள்தான். சொந்தத் தம்பி கல்யாணத்திலிருந்தே போனவள். மகளுக்கோ, அம்மா ஒரே ஒரு பாட்டையாவது உட்கார்ந்து முழுசாகக் கேட்டால் போதும்.

எட்டுப் பாட்டும் எப்படியோ ஒப்பேறின. ரீங்காரம் இல்லாமல் குரல் பிடிமானமற்று அலைந்தது. ஒன்பதாவதை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் நிறுத்தினாள். பிறகு மைக்கிலேயே கேட்டாள்.

"இங்க ஃபிரிட்ஜ் இருக்கா?"

"மூலையில இருக்கும்மா. தண்ணி வேணுமா?" என்றார் நூலகர்.

"இல்ல சார். சும்மா திறந்து வைங்க, போதும்."

நூலகர் பலவிதமான வாசகர்களைப் பார்த்தவர். காரணம் கேட்காமல் திறந்து வைத்தார். அது முனகத் தொடங்கியது. வீட்டு ஃபிரிட்ஜைவிட அரைக்கட்டை மேலே. கிதாரை ஏற்றிக் கூட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

இரண்டாம் சரணத்தில் அம்மா எழுந்தாள்.

பாட்டுக்காரி வாசலைப் பார்த்தாள். பாடுவதை மட்டும் விடவில்லை. அம்மா வாசல் பக்கம் திரும்பவில்லை. எல்லா நாற்காலிகளையும் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போய், ஃபிரிட்ஜை அழுத்திச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மோட்டார் ஓய்ந்தது. பாட்டு ஓயவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போன முதல் நாள் அம்மா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுததைச் சொல்லும் கடைசிச் சரணம் வரை போய்த்தான் நின்றது.

கைதட்டல் அடங்கிய பிறகும் அம்மா அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

"மத்ததெல்லாம் சரி," என்றாள், மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கும்படி. "ஆனா பஸ்ல நான் அழல. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."