உப்பில்லாத ஆட்டுக்கால்

ஐந்தருவிச் சாலையில் துல்கர்னைன் பாயின் பரோட்டாக் கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டினால், குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது என்று பொருள். கடையின் மாஸ்டர் இசக்கிமணிக்கு இந்த வருஷம் சாரலும் கால்வலியும் சேர்ந்தே வந்தன.

விடியும்போது வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கிக் கிடந்தது. போர்வை பட்டாலே அலறினார். "நெருப்புக் கங்கை உள்ள வச்சுத் தைச்ச மாதிரி இருக்குட்டி" என்றார். மனைவி முப்பிடாதி ஆட்டோ பிடித்து அவரைத் தென்காசிக்குக் கூட்டிப்போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். சர்க்கரை பல வருஷமாக உண்டு. அதன் பின்னாலேயே பிரஷரும் வந்திருந்தது. இதற்குமேல் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

ரிசல்ட்டைக் கொடுத்த லேப் பெண்ணுக்கு அவசரம். "யூரிக் ஆசிட் கூடியிருக்கும்மா. ரத்தத்துல உப்புச் சேந்துட்டுன்னு சொல்லுவோம்லா, அதுதான். சுகர், பிரஷர் உள்ளவங்களுக்கு இது கிட்னியில கொண்டு விட்டுரும். திங்கக்கிழமை டாக்டர் வருவாங்க, கட்டாயம் வந்து பாருங்க."

இத்தனையிலும் முப்பிடாதியின் காதில் தங்கியது ஒரே சொல்தான். உப்பு.

திங்கட்கிழமை கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். டாக்டரிடம் போகவில்லை. செய்யவேண்டியதுதான் தெரிந்துவிட்டதே! ஊறுகாய் பரண் ஏறியது. கருவாடும் அப்பளமும் வீட்டை விட்டே போயின. சால்னாவைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது மாஸ்டரின் வழக்கம், அதையும் விட்டார். அந்த வேலை பாய் தலையில் விழுந்தது. பாய்க்கோ நாக்கில் ருசி மட்டு.

"மாஸ்டரே, சால்னால இருந்த உப்பை வடிகட்டிட்டீயளா?" என்று கல்லா வரை கேட்கும்படி ஒருவர் கத்தினார்.

"என் ரத்தத்துலயே கெடக்கு அண்ணாச்சி. ரெண்டு சொட்டு விடவா?"

கடையே சிரித்தது. ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டு இசக்கிமணி அடுத்த பரோட்டாவை வீசினார்.

கால்வலிக்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று உண்டு: காலுக்குக் கால். முப்பிடாதி தினமும் ஆட்டுக்கால் வாங்கி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுச் சாறு இறங்கக் கொதிக்க வைத்தாள். ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. ரத்தம் ஊறட்டும் என்று ஈரலும் வதக்கினாள். அதிலும் உப்பில்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நீ என் வயித்துல கொட்டுத" என்பார். கொட்டியதையெல்லாம் குடிக்கவும் செய்வார்.

நிற்க முடியாத நாளில் மருந்துக்கடையில் வலிக்கு என்று கேட்டு ஒரு மாத்திரை போட்டார். பிறகு அது காலையிலும் மாலையிலும் என்றானது. வலி அடங்கும், சில நாளில் கணுக்காலில் முளைக்கும். வலி திரும்பும்போதெல்லாம் முப்பிடாதி சூப்பை இன்னும் கெட்டியாக வைத்தாள்.

ஆடியில் ஒருநாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெருவிரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது.

"ஏங்க, இது என்ன இப்படி?"

"மாவு நல்லா ஊறியிருக்குட்டி. வீசுனா பறக்கும்."

அவளும் சிரித்தாள். ஆனால் அந்தக் குழி மெள்ள, வெகு மெள்ள மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவர் கண்ணுக்குக் கீழேயும் உப்பியிருந்தது. அதற்குமேல் அவள் பொறுக்கவில்லை. தென்காசிக்கு ஆட்டோ பிடித்தாள்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "என்ன சாப்பிடுதாங்க?" என்று கேட்டார்.

முப்பிடாதி முந்திக்கொண்டாள். "உப்பே சேக்கலைங்கம்மா. ஆட்டுக்கால் சூப்புகூட உப்பில்லாமத்தான். ஈரலும் அப்படித்தான்."

"தினமுமா?"

"ஒருநாள் விட்டதில்ல."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உப்பைக் குறைச்சது நல்லதுதாம்மா. ஆனா இந்த உப்பு வேற, அது கல்லுப்பு இல்ல. ஈரல், எலும்புச்சாறு இதெல்லாம் சேரச் சேர உடம்புக்குள்ள உண்டாகுத ஒண்ணு. அதைக் கிட்னி வெளிய தள்ளணும். சர்க்கரையில அவங்க கிட்னி ஏற்கெனவே தளந்து போச்சு. தள்ள முடியாம விரல்ல போய்ப் படியுது." பிறகு இசக்கிமணியிடம், "வலி மாத்திரை எதுவும் போட்டீங்களா?" என்றார்.

"சாரல் தொடங்குனதுல இருந்து போடுதேன்மா. அது இல்லாட்டா நிக்க முடியாது."

டாக்டரம்மா ரிசல்ட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார். "கிட்னிக்கு அதுதான் பெரிய அடி. பாதிக்கு மேல போயிட்டு. போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. மிச்சம் நிக்குதான்னு பாக்கணும்."

குனிந்து அவர் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது.

முப்பிடாதியின் மடியில் வயர்க்கூடை இருந்தது. அதற்குள் பிளாஸ்க்கில், காலையில் வைத்த சூப்பு.

"ஏட்டி, தொண்டை காயுது. அதுல கொஞ்சம் ஊத்து" என்றார் இசக்கிமணி, பழக்கத்தில்.

அவள் கையும் பழக்கத்தில் மூடிக்குப் போயிருந்தது. அதைத் திறக்காமல் இன்னும் இறுக்கித் திருகினாள். பார்வை மட்டும் அவர் காலை விட்டு நகரவில்லை.

குழி இன்னும் நிரம்பவில்லை.