சட்டி வாங்கிய கைகளில் பந்து

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி மாதம். பாளையங்கோட்டையைத் தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போகும் சாலையில் புதிதாக முளைத்த ஒரு காலனியில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றல்ல, ஒரே நேரத்தில் நான்கு. அந்தக் காலனி வீடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சட்டி தூக்கி, கொத்தனாராகி, இன்றைக்கு முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். பிளான் போடுகிற இன்ஜினீயர்கூட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வாலிபால். இளவட்டத்தில் எங்கள் ஆற்றங்கரை ஊர் அணிக்கு வலைப் பக்கம் நின்று அடிக்கிறவன் நான்தான். நான் எம்பி அடித்தால் எதிர்ப்பக்கம் நிற்கிறவன் பந்தைப் பார்க்க மாட்டான், தப்பிக்க வழி பார்ப்பான். இந்தக் கதையைக் காலனியில் கேட்காத ஆள் கிடையாது.

பொங்கலுக்குக் காலனிச் சங்கம் விளையாட்டுப் போட்டி வைத்தது. பெண்கள் வாலிபாலுக்குக் காலனிப் பெண்கள் ஓர் அணி பெயர் கொடுத்திருந்தார்கள். எதிர்த்து ஆட ஆள் இல்லை. சங்கச் செயலாளரிடம் போய், "எங்க சித்தாளுகளைச் சேத்துக்கிடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அண்ணாச்சி, அவங்களுக்குத்தான் கயிறு இழுக்கது வச்சிருக்கோமே. வாலிபாலுக்குக் கொஞ்சம் பழக்கம் வேணும்லா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. சுற்றி நாலு பேர் வேறு நின்றார்கள். "என் ஆளுக ஒரு செட்டாவது எடுக்காம விட்டா, இந்தக் காலனிக்குள்ள இனிமே வாலிபாலைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று புரியும். நாலு பேரும் கை தட்டினார்கள்.

என்னிடம் அப்போது எட்டுப் பெண்கள் சித்தாள் வேலை பார்த்தார்கள். எல்லாரும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். சேலைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். அவர்களில் மூத்தவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள்தான் முதலில் கேட்டாள்.

"பொழுதுக்கும் சட்டி தூக்குதது போதாதுன்னு பந்து வேறயா? நாங்க செயிச்சா எங்களுக்கு என்ன செய்விய?"

"என்ன வேணும்னு சொல்லு."

"காங்கிரீட் போடுத அன்னைக்கு ஒரு நாள் முழுக்க எங்ககூட வரிசையில நின்னு கலவைச் சட்டியைக் கைமாத்தி வாங்கிக் குடுக்கணும். நானும் சட்டி தூக்கி வந்தவன்தான்னு வாரம் ஒருக்கா சொல்லுதியள்லா? அதைக் கண்ணால பாக்கணும்."

மற்ற ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒரு செட்டு எடுங்க, நிக்கேன்" என்றேன். இவர்கள் எங்கே எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சொன்னேனா, எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துச் சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மணல் குவியலுக்கும் செங்கல் அடுக்குக்கும் நடுவே இடத்தை ஒதுக்கினோம். இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, கொத்தனார் நூலைக் குறுக்கே கட்டினேன். அதுதான் வலை. முதலில் பந்தைக் கீழ்க்கையால் எடுக்கத் தெரிய வேண்டும். எதிராளி போடுகிற பந்து தரையில் விழாமல், இரண்டு முன்கையிலும் வாங்கி மேலே அனுப்புகிற வித்தை. அது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

முதல் பந்தை மெதுவாகத்தான் போட்டேன். வரிசையில் முதலாவதாக நின்றவள் அதை இரண்டு கையாலும் லாவகமாகப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அவள் வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். அப்படியே எட்டுக் கை மாறிப் போய், கடைசி ஆள் பந்தைப் பத்திரமாகச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வாழ்க்கையில் அப்படி ஒரு வாலிபாலை நான் பார்த்ததில்லை. மாடியில் நின்ற என் கொத்தனார்கள் சிரித்த சிரிப்பில் சாரமே ஆடியது.

"ஏளா, பந்தைப் பிடிக்கப் பிடாது!"

"பிடிக்காட்டா கீழ விழுமே அண்ணாச்சி!"

அவர்கள் சொல்வதும் நியாயம்தான். கீழே விழாமல் பிடித்துப் பிடித்தே வருஷக்கணக்காகப் பழகிய கைகள். நான் கத்திப் பார்த்தேன். "கையைச் சேத்து வீசு! வீசி அடி!" வீசினார்கள். ஒரு பந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. ஒன்று சிமென்ட் ஷெட் கூரை மேல் உட்கார்ந்தது. முன்கையெல்லாம் சிவந்துபோய், நான்காம் நாள் மூன்று பேர், "எங்களுக்கு இது வராது, விட்டுருங்க" என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம். "இது என்ன பெரிய வித்தையா? நான் காட்டுதேன், பாருங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கொத்தனாரைப் பந்து போடச் சொன்னேன். கையைச் சேர்த்து வீசினேன். பந்து கையில் பட்டு நேராக என் மூக்கிலேயே வந்து மோதியது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "இன்னொண்ணு போடுலே" என்றேன். அது பின்பக்கமாகப் போய்ச் சாந்துச் சட்டியில் விழுந்து என் வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டது.

அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. நான் ஆடிய காலத்தில் ஒரு நாளும் கீழ்க்கையால் பந்து எடுத்ததே இல்லை. எங்கள் ஊர் ஆட்டத்தில் இடம் மாறி நிற்பது கிடையாது; பின்னால் மூன்று பேர் நின்று எடுத்துக் கொடுப்பார்கள், நான் அடிப்பேன். கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தும். எடுத்துக் கொடுத்த அந்த மூன்று பேரை, ஆள் கணக்குக்குச் சேர்த்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூத்தவள் சிரிக்கவில்லை. தலைத் துண்டை அவிழ்த்து, மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். பிறகு தன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"அண்ணாச்சி, மொட்டைமாடிக்கு வாட்டம் வைக்கோம்லா? மழைத் தண்ணியை நாமளா தள்ளி விடுதோம்? சரிவு எங்கன இருக்கோ அங்கன அதுவா ஓடுது. கையை வீசாம, போக வேண்டிய பக்கம் வாட்டமா வச்சா பந்து போவாதா?"

"வச்சுக்கிட்டுச் சும்மா நின்னா எப்படி மேல போவும்?" என்றேன்.

"சட்டியை எப்படி வாங்குதோம்? முட்டியை மடக்கி வாங்கி, முட்டியால ஏத்துதோம். கையாலயே தூக்குனா ரெண்டாம் நாளு படுத்துருவோம். நீங்க போடுங்க, பாப்போம்."

போட்டேன். அவள் முட்டியை மடக்கினாள், கையை அசைக்கவே இல்லை. பந்து அவள் முன்கையில் தப்பென்று பட்டு, எழும்பி, நூலுக்குப் பக்கத்தில் நின்றவளின் தலைக்கு மேலே பதமாகப் போய் இறங்கியது. வேனில் ஏறி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் இறங்கி ஓடி வந்தார்கள்.

அதற்கப்புறம் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்குள்ளேயே, "ஏட்டி, உன் வாட்டம் தொட்டிப் பக்கம் இருக்கு பாரு", "எக்கா, முட்டி எங்க போச்சு?" என்று சண்டை போட்டே படித்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் பத்துக்கு ஏழு பந்து தரையில் விழாமல் நின்றது. நானும் ஓரமாக நின்று, ஆள் பார்க்காத நேரத்தில் கையை வாட்டமாக வைத்துப் பழகினேன்.

பொங்கலன்று மைதானத்தில் நல்ல கூட்டம். காலனிப் பெண்கள் ஷூவும் ஒரே நிறப் பனியனுமாக வந்தார்கள். எங்கள் அணிச் சீருடை, துவைத்துத் தேய்த்த அதே ஆம்பிளைச் சட்டைகள். முதல் செட்டில் கூட்டத்தைப் பார்த்த கூச்சத்தில் கையைக் கண்டபடி வீசினார்கள். பதினைந்துக்கு ஆறு என்று தோற்றோம். செயலாளர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். இனிமேல் வாய் திறக்கக்கூடாதாம்.

இரண்டாம் செட் தொடங்கும் முன் மூத்தவள் தன் ஆட்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "காங்கிரீட் நாளுன்னு நெனச்சுக்கிடுங்க. ஒரு சட்டி கீழ விழப் பிடாது."

விழவில்லை. எதிர்ப்பக்கம் என்ன போட்டாலும் தப், தப் என்று எழும்பித் திரும்பிப் போனது. எங்களிடம் பெரிய அடி ஒன்றும் கிடையாது. ஆனால் அனுப்பிய பந்தெல்லாம் திரும்பி வர, அந்தப் பக்கம் பொறுமை போய்விட்டது. வலையில் அடித்தார்கள், வெளியே அடித்தார்கள். பதினான்குக்குப் பதினொன்று. கடைசிப் பந்து கோட்டு ஓரம் தாழ்வாக வந்தது. மூத்தவள் முட்டி தரையில் தேயக் குனிந்து அதை எடுத்த எடுப்பு இருக்கிறதே, அறுபத்து மூன்று வயதில் ஒரு குதி குதித்தேன். பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் ஆளில்லாத இடத்தில் விழுந்தது. செட் எங்களுக்கு!

மூன்றாவது செட்டில் தோற்றுத்தான் போனோம். அது யாருக்கு வேண்டும்? கோப்பையை அவர்கள் வாங்கினார்கள், கூட்டம் எங்கள் ஆட்களைத்தான் சுற்றி நின்றது. செயலாளரே வந்து, "அண்ணாச்சி, நீங்க இனி எவ்வளவு வேணாலும் பேசலாம்" என்றார். பேசாமல் விடுவேனா?

ஆனால் பந்தயம் பந்தயம்தான். அடுத்த வாரம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். மிக்சர் மிஷின் சுற்ற, வரிசையில் நான்காவது ஆளாக நின்றேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தூக்கிய அதே சட்டிதான், பெரிய காரியமா என்று இருந்தது. இருபதாவது சட்டியில் தோள் கழன்றது. முப்பதாவதில் இடுப்பு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகத் தள்ளிவிடப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற மூத்தவள் என் சட்டியை வாங்கிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, கையை வீசாதிய. முட்டியை மடக்குங்க."

கீழேயிருந்து மாடி வரைக்கும் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். முட்டியை மடக்கினேன். சாயங்காலம் வரை நின்றேன், ஒரு சட்டிகூடக் கீழே விழவில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போதும் தளம் போடும் நாள் வந்தால் முதல் பத்துச் சட்டிக்கு அந்த வரிசையில் போய் நின்றுகொள்கிறேன்; நான் அடித்த அடியெல்லாம் யாரோ முட்டி மடக்கி எடுத்துக் கொடுத்த பந்துதான் என்பது, அந்தப் பத்துச் சட்டியைக் கை மாற்றும் நேரத்தில்தான் எனக்கு மறக்காமல் இருக்கிறது.