அப்பா பார்த்த ஜல்லிக்கட்டு

யாங்கோனில், அலோன் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஜல்லிக்கட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஏனென்றால் ஜல்லிக்கட்டுக்குப் போனது நான்.

மதுரையில் வெளிநாட்டு மாணவியாகப் படித்தபோது, வெளிநாட்டுக்காரர்களுக்கான கேலரியில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுமே அப்பா வீடியோ காலில் வந்தார். தமிழ்நாட்டு மண்ணையே மிதிக்காத மனிதராயிற்றே என்று போனை வாடிவாசல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"கொஞ்சம் மேல தூக்கும்மா, யாரோ தலை மறைக்குது."

தூக்கினேன்.

"ஆட்டாதே! பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊ டின்னும் பாக்குறாரு."

கை கடுத்தது. போன் மறைக்கிறதென்று பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். மாடுகள் வந்தன, போயின. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும், வீடியோ காலை கட் பண்ணிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

அப்போது கூட்டம் "ஓ" என்று கத்தியது. ஏதோ ஒரு மாடு பாய்ந்திருக்க வேண்டும். திரையில் அப்பா "அமலே!" என்று, 'ஐயோ அம்மா'வைப் பர்மியத்தில் அலறிக்கொண்டு பின்னால் குதித்தார். நாற்காலி கவிழ்ந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர், போனுக்குள் வந்த மாட்டுக்குப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

நேற்று வந்த விருந்தாளி என்னிடம் கேட்டார்: "நெசமாவே மாடு அவ்வளவு பெருசாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பாத்தது அப்பா. அவரையே கேளுங்க."

அப்பா ஏற்கெனவே நாற்காலியை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்.