அப்பாவும் அவருடைய பயமும்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்றால், அந்த நினைவு மலர் பிறந்த ஊரின் பெருமையோடு தொடங்க வேண்டுமாம். அப்பா பிறந்த யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளையார் கோயிலும், உவர்த் தண்ணீர்க் கிணறுகள் நாலைந்தும், ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டுக்குக் கேட்கும் நெருக்கமும் இருந்தன. அதற்கு மேல் பெருமை கேட்டால் அப்பாவே சிரித்திருப்பார். அங்கே ஒரு சுருட்டுத் தொழிலாளியின் மூன்றாவது மகனாகப் பிறந்து, அரைவயிற்றோடு படித்து, பொலிஸில் சேர்ந்து, சார்ஜன்ட் வரை உயர்ந்தார். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் கண்மூடும்போது அவருக்கு வயது எண்பத்தொன்று.

அப்பா பொலிஸ்காரர் என்பது இதை வாசிக்கும் பலருக்குப் புதுச் செய்தி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே அகதியாக வந்தபோதும் தொழில் என்ன என்ற கேள்விக்கு விவசாயி என்றுதான் பதில் சொன்னார்.

அழைப்புமணி அடித்தால் அப்பா எழுந்து குளியலறைக்குள் போய்விடுவார். தொங்கு ரயிலில் எப்போதும் கடைசி இருக்கைதான். ஏறுகிறவர்களின் முகமெல்லாம் அங்கிருந்து தெரியும். தமிழ்க் கடைக்கு அம்மாதான் போவார். தபாலில் எந்த உறை வந்தாலும், பல்வைத்தியர் நேரம் குறித்து அனுப்பிய டெர்மினாக இருந்தாலும், நான் பிரித்து வாசித்து முடிக்கும்வரை அப்பா உட்கார மாட்டார். பயம் தொற்றுநோய். நானும் ஐம்பது வயதுப் பயந்தாங்கொள்ளி.

அப்படிப்பட்டவரின் மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். அவர் நிமிர்ந்து நின்று எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மா சேலை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த, பொலிஸ் உடுப்பில் எடுத்த படம். அப்பா அழகாக இருக்கிறாரே என்று யோசிக்காமல் அதை இணையத்துக்குக் கொடுத்தவள் நான்தான். புத்தி பிறகுதான் வந்தது.

இறுதிக்கிரியை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, எழுபதை நெருங்கிய ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். பக்கத்து நகரமான ஹாகனிலிருந்து ரயிலில் வந்தவர்.

"நீர்தானே மகள்?"

"ஓம் அக்கா."

"நான் உங்கட ஊர்தான். உங்கட அப்பா என்ர தம்பிக்கு விலங்கு போட்டு, சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போனவர். கனபேர் கண்டவை. எங்க கொண்டுபோய் விட்டவர் எண்டு உமக்கு ஏதும் சொன்னவரோ?"

"எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா" என்றேன். அது பொய். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்தப் பொய்க்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். யுத்த காலத்தில், இளைஞரைப் பிடிக்க ஊரைச் சுற்றிவளைக்கும் நாட்களில் இராணுவத்துக்கு மொழிபெயர்க்க அப்பாவைக் கூப்பிடுவார்கள். அதனால் எந்த நாளில் எந்த ஒழுங்கைக்கு வருவார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அப்பா என்ன செய்தார் என்றால், சைக்கிளில் போகும் இளைஞர்களை மறித்து, லைட் இல்லை என்று வழக்கு எழுதினார். வழக்குத் துண்டில், ஸ்டேஷனுக்கு வர வேண்டிய நாளாகச் சுற்றிவளைப்பு நாளைப் போடுவார். கொடுக்கும்போது, "அண்டைக்கு வீட்டிலயும் நிக்காதை, ஸ்டேஷனுக்கும் வராதை" என்று மெல்லச் சொல்வார். இளைஞர்கள் முதல்நாளே ஊரை விட்டு மாறிவிடுவார்கள். பகலில் லைட்டுக்கு வழக்கெழுதும் விசர்ப் பொலிஸ்காரன் என்று வெளியே அவருக்குப் பெயர்.

அந்த அக்காவின் தம்பியை மறித்த அன்று பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றான். அப்பாவால் வாய் திறக்க முடியவில்லை. துண்டை மட்டும் கொடுத்தார். துண்டைப் பார்த்தாலே ஊருக்கு விளங்கும் என்று நம்பினார். ஆனால் அந்த இளைஞரின் தகப்பனார் வெளியூரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். சட்டத்தை மதிக்கும் மனிதர். குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு, சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து மகனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார்.

அப்பா உள்ளே வந்தபோது அந்த இளைஞர் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஜீப்புகள் திரும்பிவரும் நேரம். யாரைக் கண்டாலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்து, விலங்கைப் போட்டு, "லைட் வழக்குக்குக் கோட்டுக்குக் கொண்டுபோறன்" என்று மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் பொலிஸ் ஸ்டேஷன் படி மிதிக்கவில்லை.

இவ்வளவும் எங்கள் அம்மாவுக்குத் தெரியும். மீதியை அப்பா தன் கடைசி வாரத்தில், வைத்தியசாலையில், ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார். முதலில் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பொழுதுபட விலங்கைக் கழட்டிப்போட்டு, அவனை அக்கரையில விட எண்டு கடலேரிக்குள்ள இறங்கினம். இடுப்பளவு தண்ணி. திடீரெண்டு ஆமிக்காரர் லைட் அடிச்சவங்கள், சுட்டவங்கள். நான் ஓடினனான் பிள்ளை. அவன் பின்னால நிண்டு 'ஐயா, ஐயா' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவன். நான் திரும்பிப் பாக்கேல்லை."

விடிந்ததும் போய்த் தேடியிருக்கிறார். ஒன்றும் இல்லை. அந்த இளைஞர் உயிரோடு கரை ஏறினாரா, இல்லையா என்பதும் தெரியாது. அந்த வீட்டாருக்குச் சொல்லவும் துணிவு வரவில்லை; அவர்களில் யாராவது எதிரே வந்து கேட்டுவிடுவார்களோ என்பதுதான் இங்கே வந்த பிறகும் அவருடைய பயம்.

அதன்பிறகு இரண்டு வருடம் அப்பா அந்தக் கரையிலேயே மீனவர்களோடு தங்கினார். தேடப்படுகிறவர்களை ஒளித்தார். சனங்களைக் கடலேரி கடத்திவிட்டார். ரோந்து எப்போது வரும் என்று பொலிஸ்காரருக்குத் தெரியாதா? எங்கெங்கே ஆள் நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று அவர் சொன்னபடிதான் அந்தக் கரை முழுவதும் நடந்தது. 'சார்ஜன்ட் அண்ணை' என்றால் உயிரைக் கொடுப்பார்கள். தண்ணீரில் முதல் ஆளாக அவர்தான் இறங்குவார். கடைசி ஆள் கரையேறும்வரை அவர் கரையேறியதில்லை. இன்றைக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் சிலர் அப்படி நடந்து வந்தவர்கள்தான். இணையத்தில் படத்தைக் கண்டு செத்தவீட்டுக்கு வந்த அவர்கள் அப்பாவை வீரர் என்றார்கள். அப்பா என்னிடம் சொன்னது வேறு. "வீரன் எண்டு மட்டும் எழுதிப் போடாதை. நான் அவனைத் தேடித்தான் நிண்டனான்."

அப்பா, நீங்கள் ஒரு தரம் ஓடினீர்கள். நான் உங்கள் இறுதிக்கிரியை முடிந்த வாசலில் நின்று, அந்த அக்காவின் முகத்துக்கு நேரே ஓடினேன். உங்களை விட எனக்கு வெட்கம் அதிகம்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், ஹாகன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து இதுவரை எழுதியதை வாசித்தேன். ஏசுவார், அழுவார், வைத்துவிடுவார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"எங்கட ஐயா, நான்தான் அனுப்பினனான் எண்டு சொல்லிச் சொல்லியே செத்தவர். அம்மா கடைசிவரைக்கும் அவனுக்கு ஒரு காரியமும் செய்ய விடேல்லை. அந்தியேட்டி செய்தால், செத்திட்டான் எண்டு நாங்களே ஒத்துக்கொண்டதா போயிடுமாம். இப்ப நான் ஓராள்தான் மிச்சம்."

"அக்கா, இதைப் போடவோ, விடவோ?"

"போடும் பிள்ளை. உங்கட அப்பாவுக்குச் செய்யிற அண்டைக்கு ஐயரிட்டைச் சொல்லி, அவனுக்கும் ஒரு பிண்டம் வைக்கச் சொல்லும். நான் வாறன்."

அப்பாவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், சோறு சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், தூர நகரங்களிலிருந்து லீவு எடுத்து வந்த உறவுகளுக்கும், அன்று அந்தக் கரையில் அப்பாவுக்குக் குடிசை தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹாகன் அக்காவுக்கு நன்றி என்ற சொல் போதாது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் அந்தியேட்டி நாளில், அப்பாவின் பெயருக்குப் பிறகு ஐயர் இன்னொரு பெயரையும் சொல்வார். யார் அது என்று ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டாம். அவர் பெயர் சிவனேசன். வயது பத்தொன்பது. அவருடைய அக்கா முன்வரிசையில் இருப்பார்.