ஒனிஹங்காவில் ஒரு நகக்குறி

2016 மார்ச், வியாழன் காலை 9.20. மனுரேவா ஸ்டேஷனில் நானும் சிவமும் ரயில் ஏறினோம். சிவம் யாழ்ப்பாணத்துக்காரன், திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவன். அவன் குடியேறிய இந்த நாட்டுக்கு, அவன் மகள் கவிதாவின் கல்யாணத்துக்காக இரண்டு விமானம் மாறி வந்திருந்தேன்.

வந்த இடத்தில் ஒரு வம்பு. சனிக்கிழமை திருமணப் பதிவில் அப்பாதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. பக்கவாதத்துக்குப் பிறகு சிவத்தின் வலது கையில் பேனா நிற்பதில்லை. இடது கைக்கு எழுத வரவில்லை. பெருவிரல் ரேகை போதும் என்று பதிவு செய்பவர் சொல்லிவிட்டார்.

"கைநாட்டு வைக்கச் சொல்லுறியளோ? முப்பது வருசம் பிள்ளையளுக்கு எழுத்துப் படிப்பிச்சனான்!"

சிவம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். "ப்ளீஸ், அப்பா" என்று வெளியே நின்று மகள் அழுதாள். அவன் மனைவி மாலதிதான், "அண்ணா, இவரை எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

பென்ரோஸில் ரயில் மாறி, 10.15க்கு ஒனிஹங்கா. அங்கே ஒரு கூடத்தில், ஈராக் பக்கத்து மக்கள் அந்தக் காலத்தில் களிமண்ணில் பதித்த ஆப்பெழுத்தை நாமே எழுதிப் பார்க்கும் வகுப்பு. கட்டணம் பத்து டாலர். மண் பிசைந்தால் கைக்கு நல்லது என்று மாலதி பெயர் கொடுத்திருந்தாள்.

உள்ளங்கை அளவு ஈர மண், ஒரு நாணல் குச்சி. பழக்க தோஷம், முதலில் பிள்ளையார் சுழி போட்டேன். மண் சுருண்டு எழும்பிவிட்டது. இழுக்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும் என்றார் ஆசிரியை.

"ஓலையில நேர்கோடு போட்டால் கிழியும், இதில சுழிச்சால் கிழியுது. பிள்ளையாருக்கு இந்த ஊர் சரிவராதடா" என்று சிவம் சிரித்தான். அப்பாடா, சிரித்துவிட்டான்!

அந்த ஊர் நூலகங்கள் தீப்பிடித்தபோது களிமண் ஏடுகள் அழியவில்லை, செங்கல் போலச் சுட்டு இறுகிப்போயின என்றார் ஆசிரியை. சிவத்தின் கை நின்றது.

"எரிச்ச எங்கட யாழ்ப்பாண லைப்ரரியும் களிமண்ணா இருந்திருக்கலாம்" என்றான். நான் அவன் தோளைத் தொட்டேன்.

பழைய ஒப்பந்த ஏடு ஒன்றின் நகல் கைமாறி வந்தது. ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பிறைகள். சிவம் விரலால் தடவி, என்ன எழுத்து என்று கேட்டான். எழுத்தில்லை, நகம் என்றார். முத்திரை இல்லாதவர்கள் நகத்தைப் பதித்தார்களாம், அதுவே செல்லுமாம். அவன் தன் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான்.

1.40, திரும்பும் ரயில். மனுரேவாவுக்கு இன்னும் தூரம் இருந்தது. திடீரென்று எழுந்தான்.

"ஒடாஹுஹுவில இறங்குவம்."

"எதுக்குடா?"

"ஸ்டாம்ப் பேட் வாங்கோணும். நல்ல கறுப்பா."

சனி, காலை 11. கூட்டத்துக்கு முன்னால் பதிவுப் படிவத்தில் சிவம் பெருவிரலை அழுத்தி வைத்தான். ரேகை தெளிவாக விழுந்தது. கவிதா குனிந்தாள். மையோடு அதே கையை அவள் தலையில் வைத்தான். நெற்றியில், பொட்டுக்கு மேலே, கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மாலதி பதறிக் கைக்குட்டையோடு ஓடி வந்தாள்.

"அம்மா, டோன்ட்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் கவிதா. "இது இருக்கட்டும்."

ஊருக்கு நான் கொண்டுவந்த படங்கள் எல்லாவற்றிலும் மணப்பெண் நெற்றியில் அப்பா இருக்கிறான்.